ஒற்றை அடுப்பில் சரிவிகித உணவு

திருச்செந்தூருக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கிறது குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு ஆண்டுதோறும் பெருங்கூட்டம் காணும் ஊர். மற்ற நாள்களில் பனையும் மீனும் உப்புமே அந்தப் பக்கத்தின் பேச்சு. 2024 பிப்ரவரி 28 அன்று இங்கே நாட்டின் இரண்டாவது விண்வெளி ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அருகிலுள்ள உடன்குடியிலோ அனல் மின் திட்டம். இப்படிப்பட்ட பணிகள் ஓர் ஊருக்கு வரும்போது, அவற்றோடு வெளியூர் இளைஞர்களும் வருகிறார்கள். வாடகைக்கு ஓர் அறை, ஒரு பாய், ஒரு சிறிய அடுப்பு. வீட்டை விட்டுத் தனியாக வாழும் முதல் அனுபவம்!

அந்த முதல் மாதம் எப்படிக் கழியும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். காலையில் தேநீரும் வடையும். மதியம் கிடைத்த இடத்தில் சோறு. இரவில் பரோட்டாவும் சால்னாவும். வயிறு நிறைந்துதான் இருக்கும். ஆனால் இருபதாம் தேதிக்குள் பை காலியாகிவிடும். கடைசிப் பத்து நாள் தேநீரும் ரொட்டியுமாக ஓடும். ஆறு மாதம் இப்படிப் போனால் படியேறும்போது மூச்சு வாங்குகிறது, ஈறில் இரத்தம் கசிகிறது, வேலையில் கவனம் நிற்பதில்லை. “நல்ல சாப்பாடு சாப்பிட நமக்கு வசதி ஏது?” என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்கிறது.

இந்தச் சமாதானம் சரிதானா? குறைந்த செலவில் உடலுக்கு வேண்டிய எல்லாச் சத்தும் கிடைக்குமா? அறிவியல் இதற்குத் தெளிவாகவே விடை சொல்கிறது. கிடைக்கும், ஆனால் சிறிது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வயிறு நிறைவதும் உடல் நிறைவதும்

நம் உடல் ஓர் எஞ்சின் என்று கொள்வோம். அதற்கு எரிபொருள் வேண்டும், அதுவே கலோரி. உட்கார்ந்து வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,100 கலோரியும், பெண்ணுக்கு 1,660 கலோரியும் தேவை. உடலுழைப்பு கூடினால் இவை முறையே 2,700, 2,130 என உயரும். ஆனால் எரிபொருள் மட்டும் போதுமா? தேய்ந்த உறுப்புகளைப் புதுப்பிக்கப் புரதம் வேண்டும்: 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து 1,000 மில்லிகிராம். இரத்தத்துக்கு இரும்புச் சத்து ஆணுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம். இவை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த அளவுகள்.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒருவர் தம் 2,100 கலோரியையும் சோற்றிலிருந்தே பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 600 கிராம் அரிசி போதும். அதில் ஏறக்குறைய 47 கிராம் புரதம்கூட இருக்கும். ஆனால் சுண்ணாம்புச் சத்து 50 மில்லிகிராம் அளவுதான். தேவையில் இருபதில் ஒரு பங்கு! இரும்புச் சத்து 4 மில்லிகிராம். வைட்டமின் ‘சி’ அறவே இல்லை. வயிறு நிறைந்தும் உடல் பட்டினி கிடக்கிறது. இதை ‘மறைந்த பசி’ என்பார்கள். பசி எடுக்கும்போது வயிறு கத்தும். இந்தப் பசியோ சத்தமில்லாமல் வரும். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இவர்களில் மூன்று வேளை சோறு உண்பவர்களும் ஏராளம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

குன்னூரில் கண்ட உண்மை

உணவைப் பற்றிய இந்திய ஆராய்ச்சி தமிழ் மண்ணிலேயே வேரூன்றியது என்பதைப் பலர் அறியார். 1918ஆம் ஆண்டு, குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அந்தச் சிறிய முயற்சியே வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகிறது.

மெக்காரிசன் செய்த சோதனை எளிமையானது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாபின் சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாக இருந்த சென்னை மாகாண உணவில் வளர்ந்தவை எடை குறைந்து பின்தங்கின. அரிசியைக் குற்றம் சொல்வதற்கில்லை. அரிசிக்குத் துணை போதவில்லை என்பதே இதன் பொருள்.

அரிசியிலும் ஒரு வேறுபாடு உண்டு. தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களிலோ அது அவ்வளவாகத் தலைகாட்டவில்லை. காரணம் என்ன? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் உமியை ஒட்டியும் உள்ள பி1 வைட்டமின் தண்ணீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. நம் பாட்டிமார்கள் வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் நெல் அவிக்கத் தெரிந்தவர்கள்.

தனியாகச் சமைப்பவருக்கு இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, புழுங்கல் அரிசியை வாங்குங்கள். இரண்டு, அரிசியை ஐந்தாறு முறை கசக்கிக் கழுவாதீர்கள். நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டாதீர்கள். தண்ணீரில் கரையும் வைட்டமின்கள் அந்தக் கஞ்சியோடு சாக்கடைக்குப் போய்விடும்.

பத்துக் கிராம் புரதத்தின் விலை

கடைக்குப் போனால் நாம் கிலோவுக்கு என்ன விலை என்று கேட்கிறோம். உடல் கிலோக் கணக்கு அறியாது. சத்துக் கணக்கே அறியும். ஆகவே ‘பத்துக் கிராம் புரதம் என்ன விலை?’ என்று கேட்டுப் பாருங்கள். பத்துக் கிராம் புரதம் தரும் அளவுகள் ஏறத்தாழ வருமாறு:

துவரம் பருப்பு, பாசிப் பருப்பு, கொள்ளு – 45 கிராம்
நிலக்கடலை – 40 கிராம்
சாளை மீன் (சதை மட்டும்) – 55 கிராம்
முட்டை – ஒன்றரை
பால் – 300 மில்லிலிட்டர்

பருப்பு கிலோ 140 ரூபாய், நிலக்கடலை கிலோ 150 ரூபாய், முட்டை ஒன்று 6 ரூபாய், பால் லிட்டர் 50 ரூபாய், சாளை கிலோ 150 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்துக் கிராம் புரதம் பருப்பிலும் கடலையிலும் 6 ரூபாய்க்குச் சற்று முன்பின்னாகக் கிடைக்கிறது. முட்டையில் 9 ரூபாய். மீனில், தலையும் குடலும் கழித்துப் பார்த்தால் 14 ரூபாய். பாலில் 15 ரூபாய். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். நீங்களே உங்கள் கடை விலையைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். இந்த ஒரு கணக்கைப் பழகிக்கொண்டவரை எந்த விளம்பரமும் எளிதில் ஏமாற்ற முடியாது.

பருப்புப் புரதம் தரம் குறைந்தது என்ற எண்ணம் உண்டு. தனியாக உண்டால் அது ஓரளவு உண்மை. புரதத்தைக் கட்டும் செங்கற்களுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். அரிசியில் லைசின் என்ற செங்கல் குறைவு; பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது போதிய அளவு உண்டு. மூன்று அல்லது நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகிறது. சாம்பார் சோறும் இட்லியும் பொங்கலும் இந்தக் கூட்டணியின் வெற்றிகளே.

சேலத்தில் பிறந்து, ஐதராபாத் நிலையத்தின் இயக்குநராக விளங்கிய சி. கோபாலன் இந்த உண்மையை வலியுறுத்தியவர். நம் குழந்தைகளுக்கு விலையுயர்ந்த புரதக் கலவைகள் வேண்டும் என்று உலகெங்கும் பேசப்பட்ட காலத்தில், அவர்கள் வழக்கமாக உண்ணும் தானிய–பருப்பு உணவையே வயிறார உண்டால் புரதமும் போதிய அளவு கிடைத்துவிடும் என்று ஆய்வுகளின் துணையோடு எடுத்துக் காட்டினார். டப்பாவில் அடைத்து விற்கும் புரத மாவைப் பார்த்து ஏங்கும் இளைஞர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஐந்து பொருளில் அடங்கிய ஓராண்டு

மிகக் குறைந்த செலவில் எல்லாச் சத்தும் பெற ஒருவர் எதை உண்ண வேண்டும்? இதைக் கணிதமாகவே ஒருவர் போட்டுப் பார்த்திருக்கிறார். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர், 77 உணவுப் பொருள்களின் விலைகளையும், உடலுக்குத் தேவையான 9 சத்துகளையும் எடுத்துக்கொண்டார். 1945இல் அவர் வெளியிட்ட விடை வியப்பளித்தது. கோதுமை மாவு, சுண்டிய பால், முட்டைக்கோசு, பசலைக் கீரை, உலர்ந்த அவரை விதை ஆகிய ஐந்தே பொருள்கள் போதும்! 1939ஆம் ஆண்டு விலையில் ஓராண்டுச் செலவு 39 டாலர் 93 சென்ட்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஜார்ஜ் டான்ட்சிக் கண்டுபிடித்த புதிய கணித முறைக்கு இதே கணக்கு ஒரு தேர்வாக அமைந்தது. மேசைக் கணக்குப் பொறிகளுடன் ஒன்பது எழுத்தர்கள் வேலை செய்தார்கள்; ஒருவரே செய்தால் 120 நாள் பிடித்திருக்கும் வேலை அது. கிடைத்த விடை 39 டாலர் 69 சென்ட். ஸ்டிக்ளரின் மதிப்பீடு 24 சென்ட் மட்டுமே பிசகியிருந்தது.

பின்னொரு நாள் டான்ட்சிக் தமக்கே ஓர் உணவுப் பட்டியலைக் கணிப்பொறியில் போட்டுப் பார்த்தார். அது நாளொன்றுக்கு 500 காலன் காடி குடிக்கச் சொன்னதாம்! ஆகவே கணக்கு வழி காட்டலாம். இலையில் பரிமாற வேண்டியவர் மனிதர்தான். ஆனாலும் ஸ்டிக்ளரின் பட்டியலில் ஓர் ஒழுங்கு தெரிகிறதல்லவா? ஒரு தானியம், ஒரு பருப்பினம், ஒரு கீரை, ஒரு காய், ஒரு விலங்குணவு. எந்த நாட்டிலும் மலிவான நல்லுணவின் எலும்புக்கூடு இதுவே. அதற்குச் சதை தருவது அந்தந்த ஊரின் விளைச்சல்.

இக்கரையில் கிடைப்பவை

குலசேகரன்பட்டினத்துக் கரையில் அந்தப் பட்டியலை நிரப்ப வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கடலில் சாளையும் சூடையும் நெத்திலியும் இருக்கின்றன. சீலா போன்ற பெரிய மீன்களின் விலையில் ஒரு சிறு பங்குதான் இவற்றுக்கு. சத்திலோ இவை சிறியவை அல்ல. புரதத்தோடு, இதயத்துக்கு நன்மை தரும் ஒமேகா-3 கொழுப்பும், வைட்டமின் ‘டி’யும், தாவர உணவில் கிடைக்காத பி12-உம் சாளையில் உள்ளன. நெத்திலியை முள்ளோடு உண்ணுகிறோம். அந்த முள் சுண்ணாம்புச் சத்தின் களஞ்சியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் விலை ஏறும் அந்நாள்களில் முட்டைக்கு மாறிக்கொள்ளலாம். கருவாடும் நல்லதே, ஆனால் உப்பு மிகுதி. நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசிவிட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் சமைக்க வேண்டும். நாளெல்லாம் சேர்த்து 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

கரையிலிருந்து உள்ளே வந்தால் தேரி எனப்படும் செம்மணல் நிலம். உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் முருங்கை செழித்து வளரும். நூறு கிராம் முருங்கைக் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும், நிறைய வைட்டமின் ‘ஏ’ சத்தும் உண்டு. பசுவின் பாலில் அதே எடைக்குச் சுண்ணாம்புச் சத்து 120 மில்லிகிராம் அளவே. கேழ்வரகிலும் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் வரை இருக்கிறது.

உடன்குடிக் கருப்பட்டியைப் பற்றியும் ஒரு சொல். சுக்குக் காப்பிக்கு அதுபோல் மணம் தருவது வேறில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரையே. ‘இரும்புச் சத்து’ என்று எண்ணி அள்ளித் தின்றால் கிடைப்பது கலோரிதான். சுவைக்கு ஒரு துண்டு போதும்.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து குடலில் எளிதில் ஏறாது. வைட்டமின் ‘சி’ அருகில் இருந்தால் ஏறும். மீன் உடன் இருந்தாலும் ஏறும். ஆனால் தேநீரில் உள்ள டானின் அதைத் தடுத்துவிடும். ஆகவே பருப்புச் சோற்றில் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளுங்கள். அல்லது உணவுக்குப் பின் ஒரு கொய்யாப் பழம் தின்னுங்கள். தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. இரத்தசோகைக்கு எதிராக இதைவிட மலிவான தற்காப்பும் இல்லை.

ஒருவருக்குச் சமைத்தல்

“ஒருவருக்காக யார் சமைப்பது?” என்பதே தனி வாழ்வின் பெரிய தடை. இதற்கு மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று நல்ல விடை. திறந்த பானையில் நீர் 100 பாகை சென்டிகிரேடில் கொதிக்கும். தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது, ஆவியாகிப் போவதுதான் மிச்சம். குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால் கொதிநிலை ஏறத்தாழ 120 பாகைக்கு உயர்கிறது. பருப்பு விரைவில் வேகிறது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். அழுத்தம் நிற்க அவ்வளவு தீ போதும், எரிவாயு மிச்சமாகும். கீழே பருப்பும் காயும், மேல் அடுக்கில் அரிசி. ஒரே தீயில் இரண்டு பண்டங்கள் ஆயின. கீரையை மட்டும் கடைசியில் தனியே இரண்டு மூன்று நிமிடம் வதக்கினால் போதும்; நெடுநேரம் வெந்தால் வைட்டமின் ‘சி’ அழிந்துவிடும்.

குளிர்ப்பெட்டி இல்லாத அறையில் சில எச்சரிக்கைகள் தேவை. சாளை விரைவில் கெடும் மீன். வெயிலில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளை உண்டாக்கும். சமைத்தாலும் அது அழியாது. உண்டவருக்கு முகம் சிவந்து தலைவலியும் தடிப்பும் வரலாம். ஆகவே கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் உள்ள மீனை, அன்றைய தேவைக்கு மட்டும் வாங்கி உடனே சமையுங்கள். கால் கிலோ போதும்.

சோற்றிலும் ஒரு வகை நுண்ணுயிரின் விதைகள் கொதிநீரைத் தாங்கிப் பிழைத்திருக்கும். வெதுவெதுப்பான சோறு நெடுநேரம் மூடிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். பிறகு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. மிஞ்சிய சோற்றை ஆறியவுடன் தூய பாத்திரத்தில் நீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து உண்ணும் நம் வழக்கம் நல்லதே. புளிப்பேற்றும் நுண்ணுயிர்கள் பெருகி மற்றவற்றை அடக்கிவைக்கும். ஆனால் கெட்ட வாடை வந்தாலோ நூல் விட்டாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள். கடற்கரை ஈரக் காற்றில் நிலக்கடலையில் பூஞ்சை படரும். பூஞ்சை பிடித்த கடலையில் கல்லீரலைக் கெடுக்கும் நச்சு இருக்கக்கூடும். அதைப் பொறுக்கி எறிய வேண்டும்.

ஒரு நாள், ஒரு மாதம்

இனி எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்போம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு: புழுங்கல் அரிசி 300 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம், பருப்பு 60 கிராம், நிலக்கடலை 30 கிராம், மீன் 75 கிராம் அல்லது முட்டை இரண்டு, முருங்கைக் கீரை 50 கிராம், மற்றக் காய்கள் 200 கிராம், பால் அல்லது தயிர் 200 மில்லிலிட்டர், எண்ணெய் 20 கிராம், பழம் ஒன்று. இவற்றின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 2,200 கலோரி. புரதம் 70 கிராம். கடும் உழைப்பு உள்ளவர் அரிசியையும் கடலையையும் கூட்டிக்கொள்ளலாம். பெண்களும் உட்கார்ந்து வேலை செய்பவர்களும் அரிசியைக் குறைத்துக்கொள்ளலாம். பருப்பையும் கீரையையும் மட்டும் யாரும் குறைக்க வேண்டாம்.

காலையில் கேழ்வரகுக் கூழோ பழைய சோறோ, உடன் ஒரு கைப்பிடி கடலை. மதியம் சோறு, பருப்பு, கீரை, எலுமிச்சை. இரவில் சோறும் மீன் குழம்பும், அல்லது இட்லியும் சாம்பாரும். மாதத்துக்கு அரிசி 9 கிலோ, கேழ்வரகு ஒன்றரை கிலோ, பருப்பு 2 கிலோ, நிலக்கடலை 1 கிலோ, எண்ணெய் முக்கால் லிட்டருக்குள். சம்பளம் வந்த அன்றே இவற்றை வாங்கிவிடுங்கள். அப்போது மாதக் கடைசியில் பை காலியானாலும் அறையில் உணவு இருக்கும். காய், மீன், பால் மட்டுமே அன்றாடச் செலவு. நண்பர்களோடு வாரத்தில் ஒரு நாள் பரோட்டா தின்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. அது விருந்தாக இருக்கட்டும், வழக்கமாக வேண்டாம்.

வானத்தில் ஏவப்படும் ஊர்தியில் ஒவ்வொரு கிராம் எரிபொருளையும் கணக்கிட்டே ஏற்றுகிறார்கள். அந்தக் கரையில் வேலை செய்ய வரும் இளைஞர் தம் உடலுக்கு ஏற்றும் எரிபொருளையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கலாமே! அம்மா கண்ணளவில் போட்ட அந்தக் கணக்கை இனி நாமே போட வேண்டும். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஓர் அடுப்பும், நாளுக்கு ஒரு மணி நேரமும் போதும்.